மின்னழுத்தச் சீராக்கியும் மெய்யான அட்டவணையும்

மின்சாரம் நின்று மீண்டும் வரும்போது, வீட்டிலுள்ள ஸ்டெபிலைசர் குளிர்பதனப் பெட்டிக்கு உடனே மின்விசையை விட்டுவிடுவதில்லை. சிறிது நேரம் பொறுத்திருந்து, அழுத்தம் நிலைபெற்ற பின்னரே வழிவிடுகிறது. எதற்கு, எவ்வளவு, எப்போது என்னும் மூன்று வினாக்களுக்கும் அதனிடம் விடை உண்டு. உள்ளங்கையளவான கணிப்பொறிப் பலகையிலும் இதே வினாக்கள் எழுகின்றன. ஆனால் அங்கே விடை கூற வேண்டியவர் பலகையை அறிந்த மனிதர். அவர் எழுதித் தரும் அட்டவணையைக் கொண்டே இயங்குதளத்தின் கெர்னல் தன் வேலையைத் தொடங்குகிறது. அவ்வட்டவணை மெய்யானதாக இருத்தல் வேண்டும் என்பதே நம் கருத்து.

ஒரு பலகையில் பல மின்னழுத்தங்கள் உள. செயலியின் உட்பகுதிக்கு ஏறக்குறைய 1 வோல்ட் போதும், நினைவட்டைக்கு 3.3 வோல்ட் தேவைப்படலாம்; பிற உறுப்புகள் 1.8 வோல்ட் கேட்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சீராக்கிகள் அமைகின்றன. லினக்ஸ் கெர்னலில் இவற்றை ஆளுதற்குரிய பொதுவான ஏற்பாடு 2008-ஆம் ஆண்டு வெளிவந்த 2.6.27 பதிப்பில் இடம்பெற்றது. எடின்பரோ நகரின் வுல்ஃப்சன் மைக்ரோஎலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய லியம் கிர்ட்வுட், மார்க் பிரவுன் ஆகிய இருவரும் அதனை உருவாக்கியவர்கள். அனுமதிக்கப்படாத எதனையும் செய்யலாகாது என்பதே அதன் அடிப்படை விதி.

தொடக்கம் நிகழும் முறை கவனிக்கத்தக்கது. சீராக்கியின் இயக்கி பதிவானதும், கெர்னல் அட்டவணையிலுள்ள கீழெல்லையையும் மேலெல்லையையும் படிக்கிறது. அவை மைக்ரோவோல்ட் கணக்கில் எழுதப்படுபவை, 1.8 வோல்ட் என்பது 18,00,000 ஆகும். அப்போதுள்ள அழுத்தம் எல்லைக்கு வெளியே இருப்பின், அதனை உள்ளே கொண்டுவர முயல்கிறது. எல்லைகள் குறிக்கப்படாவிடில் அழுத்தத்தை மாற்றுவதில்லை. அதன்பின் திரை, நினைவட்டை, உணர்கருவி முதலியவற்றின் இயக்கிகள் தத்தமக்குரிய சீராக்கியைக் கேட்டு வருகின்றன. அச்சீராக்கி இன்னும் பதிவாகாதிருந்தால், கேட்டு வந்த இயக்கி காத்திருக்குமாறு திருப்பப்பட்டு, பின்னர் மீண்டும் அழைக்கப்படுகிறது. பயன்படுத்துவோரின் எண்ணிக்கையைக் கெர்னல் கணக்கில் வைத்துக்கொள்கிறது. கடைசியாளரும் விட்ட பின்னரே சீராக்கி அணைக்கப்படும். தொடக்கம் முடிந்து ஏறக்குறைய 30 வினாடி சென்றபின், எவரும் உரிமை கோராத சீராக்கிகளைக் கெர்னல் தானே அணைத்துவிடுகிறது.

இங்கேதான் கள ஊழியர்க்குச் சங்கடம் தோன்றுகிறது. பலகை நன்றாகத் தொடங்குகிறது. அரை நிமிடத்தில் திரை இருண்டுவிடுகிறது. திரை பழுது என்று எண்ணி அதனை மாற்றுவோரும் உளர். உண்மையில், கெர்னலுக்கு முன் ஓடிய தொடக்க நிரல் அச்சீராக்கியைத் திறந்துவைத்திருக்கும். திரைக்கு அது தேவை என்று அட்டவணையில் எவரும் எழுதியிரார். கேட்பாரற்றுக் கிடந்ததைக் கெர்னல் அணைத்தது, அவ்வளவே.

இதற்கு எளிய குறுக்குவழி ஒன்று வழக்கில் உள்ளது. அந்தச் சீராக்கிக்கு 'எப்போதும் இயங்குக' என்னும் குறியை இட்டுவிடுவதே அது. திரை எரியும், ஊழியரும் வீடு திரும்பலாம். ஆயினும் நோய் தீரவில்லை. அதன் அறிகுறி மட்டும் மறைந்தது. சூரிய ஒளியாலும் மின்கலத்தாலும் இயங்கும் வானிலை நிலையத்தில், தேவையற்றபோதும் விழித்திருக்கும் ஒவ்வோர் உறுப்பும் மின்கலத்தை உறிஞ்சும். விரைவு நினைவட்டைகள் 3.3 வோல்ட் குறியீட்டில் தொடங்கிப் பின்னர் 1.8 வோல்ட்டுக்கு மாறுபவை. பலகை மறுதொடக்கம் செய்யப்படும்போது, அட்டையைப் பழைய நிலைக்குக் கொணர அதன் மின்விசையை ஒருமுறை துண்டிக்க வேண்டும். 'எப்போதும் இயங்குக' என்று கட்டளையிட்டபின் அதனைத் துண்டிப்பது எங்ஙனம்?

இதனினும் கொடியது, வேறொரு பலகையின் அட்டவணையை அப்படியே பெயர்த்தெழுதுவது. எல்லைகளைக் கெர்னல் தொடக்கத்திலேயே நடைமுறைப்படுத்துவதால், 1.8 வோல்ட்டுக்குரிய இடத்தில் 3.3 வோல்ட் எழுதப்பட்டு, சீராக்கியும் அதனைத் தரவல்லதாயின், எந்த இயக்கியும் கேட்கும் முன்னரே தீங்கு நேர்ந்துவிடும். நிரலில் நேரும் பிழையைத் திருத்தி மீண்டும் ஓட்டலாம். எரிந்த சில்லைத் திருத்தவொண்ணாது.

மழைக்காலத்தில், மலைமீதுள்ள நிலையம் ஒன்று இயங்காது நிற்கும்போது, அட்டவணையை ஆராய நேரமேது என்று கேட்கலாம். அக்கேள்வி நியாயமானதே. அவசரத்திற்கு அக்குறியை இடுவதை நாம் குற்றம் கூறவில்லை. இட்டவர், ஏன் இட்டார், எந்த உறுப்புக்காக இட்டார் என்பதனை அதே வரியின் அருகில் எழுதிவைத்தல் வேண்டும். எழுதப்படாத தற்காலிக ஏற்பாடு நிரந்தரமாகிவிடும் என்பது அனுபவம் காட்டும் உண்மை.

இது தொலைநாட்டார் கவலை என்று ஒதுக்குதற்கில்லை. சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்த சக்தி செயலியின் சில்லு 2018-ல் லினக்ஸை இயக்கிக் காட்டியது. திருவனந்தபுரத்திலுள்ள சி-டாக் நிறுவனம் வேகா என்னும் செயலி வரிசையை உருவாக்கியுள்ளது. நம் நாட்டிலேயே பலகைகள் அமையும்போது, அவற்றின் அட்டவணையைப் பிறர் எழுதித் தரமாட்டார்கள், நாமே எழுதவேண்டும்.

அவ்வாறு எழுத வல்லவர்கள் பள்ளிகளிலிருந்தே வரவேண்டும். சி-டாக் அமைந்துள்ள அதே மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியுள்ளது குன்னத்துகால். கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் லினக்ஸ் வழங்கிவருவதால், கெர்னலின் மூலநிரல் அங்குள்ள மாணவனுக்கும் மூடிய புத்தகமன்று. விளக்கை மின்னச்செய்யும் நிரலைக் கற்பிக்கும் ஆசிரியர், அதற்கு முன்னதாக ஒரு பாடம் நடத்தலாம். பலகையின் மின்சுற்றுப் படத்தை விரித்து, எவ்வுறுப்பு எந்தச் சீராக்கியிலிருந்து எத்தனை வோல்ட் பெறுகிறது என்று மாணவரைக் கொண்டே அட்டவணை எழுதச் செய்து, மல்டிமீட்டரால் அளந்து ஒப்பிடச் செய்யலாம். பலகைகளை வாங்கும் அலுவலகங்களும் மின்சுற்றுப் படம் இல்லாத பலகையை ஏற்காதிருத்தல் நன்று. கெர்னல் நம் சொல்லை ஐயுறாது நம்புகிறது; ஆகவே அளந்தறிந்ததை மட்டுமே அதற்குச் சொல்லுவோமாக.