ஒரே ஒரு மெஷினுக்கும் இன்ஜினியர் வேணும்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் லிஸ்ட்டை ஒருமுறை பாருங்க. லைன் ஃபாலோயர் ரோபோ, ஸ்மார்ட் டஸ்ட்பின், அட்டெண்டன்ஸ் எடுக்கிற கேமரா. போன வருஷமும் கிட்டத்தட்ட இதேதான். ‘இது யாருக்குப் பயன்படும்?’னு வைவாவில் கேட்டா ‘சமூகத்துக்கு’ன்னு சொல்லிடுவோம். அந்தச் சமூகத்தில் ஒரே ஒருத்தர் பேரைச் சொல்லுன்னு கேட்டா முழிப்போம். நான் சொல்ல வர்றது வேற மாதிரி ப்ராஜெக்ட்: பழைய ஸ்பூல் டேப்ரிக்கார்டர் ஒண்ணை எடுத்து, ஒரு வீட்டோட தேவைக்கு ஏத்த மாதிரி மாத்திக் கொடுக்கிறது.

ஸ்பூல்னா கேசட்டுக்கு அண்ணன். ரெண்டு பெரிய சக்கரம், நடுவில் ஹெட், அதை உரசி ஓடுற கால் அங்குல டேப். 1935-ல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ஏஇஜி நிறுவனம் ‘மேக்னடோஃபோன்’ என்ற மெஷினைக் காட்டியது. இந்தக் குடும்பம் அங்கிருந்துதான் ஆரம்பம். நம்ம ஊரில் ரேடியோ நிலையங்களில் இருந்தது, பிறகு வசதியான ரசிகர்களின் வீடுகளுக்கும் வந்தது. சபா கச்சேரி, கல்யாணக் கச்சேரி, தாத்தாவின் பேச்சு எல்லாம் அதில் பதிவானது. அந்தப் பெட்டிகள் பல இன்னும் பரண்மேல் இருக்கு. போட்டுக் கேட்கத்தான் மெஷின் இல்லை.

வெளிநாட்டில் ஸ்பூலுக்கு இப்போ மறுபடியும் மவுசு. ரெவாக்ஸ், டெக்னிக்ஸ் மெஷின்களை வாங்கி, தனக்கு ஏத்த மாதிரி மாத்தித் தரச் சொல்ற வாடிக்கையாளர்கள் இருக்காங்க. அமெரிக்காவில் 2007-ல் தொடங்கிய ‘டேப் ப்ராஜெக்ட்’ மாதிரியான நிறுவனங்கள் மாஸ்டர் டேப்பின் பிரதிகளையே விற்கின்றன. அதைக் கேட்க விநாடிக்கு 38 செ.மீ. வேகம், ஹாஃப்-ட்ராக் ஹெட், வால்வு ப்ரீஆம்ப். ஆகவே மாடிஃபிகேஷனும் அந்தத் திசையில்தான் போகுது.

அவங்க டேப்புக்கு அது சரி. நம்ம டேப் கதை வேற. 7 அங்குல ஸ்பூலில் 1200 அடி டேப் இருக்கும்னு வைங்க. 19 செ.மீ. வேகத்தில் சுமார் 32 நிமிஷம்தான் ஓடும், 9.5-ல் 64 நிமிஷம், 4.75-ல் 128 நிமிஷம். டேப் விலைக்கு யோசிச்ச வீட்டில் மூணு மணி நேரக் கச்சேரியை எந்த வேகத்தில் பதிவு பண்ணியிருப்பாங்கன்னு நீங்களே சொல்லுங்க. மெதுவான வேகத்தை எடுத்துட்டு 38-ஐப் போடுற மாடிஃபிகேஷன், நமக்குத் தேவையானதையே கழட்டிப் போடுது.

அதனால நம்ம வாடிக்கையாளருக்கு வேற லிஸ்ட் வேணும்.

முதலில் வேகம். அமெரிக்காவிலிருந்து வந்த சில மெஷின்களின் மோட்டார் 60 ஹெர்ட்ஸ் கரண்ட்டை நம்பி ஓடும். நம்ம 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும், சுருதி மூணு அரைஸ்வரத்துக்குக் கொஞ்சம் மேலேயே இறங்கிடும். 5 கட்டையில் பாடினவர் 3 கட்டையில் கேட்பார். தீர்வு மெக் பசங்க கையில்: மோட்டார் புல்லியின் விட்டம் 1.2 மடங்கு ஆகணும். 10 மி.மீ. இருந்தா 12.

அடுத்து ஹெட். 9.5 செ.மீ. வேகத்தில் 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை, டேப்பில் 9.5 மைக்ரான் நீளம்தான். ஹெட் லேசா சாய்ஞ்சிருந்தாலே தம்புராவின் ரீங்காரம் மங்கிடும். அதனால ஒவ்வொரு டேப்புக்கும் கோணத்தை மாத்திக்க, வெளியிலிருந்தே திருகுற மாதிரி ஒரு ஸ்க்ரூ வேணும். ‘எல்லாத்தையும் சாஃப்ட்வேரில் பார்த்துக்கலாமே’ன்னு சொல்வீங்க. வேகத்தை ஓரளவு சரிபண்ணலாம், உண்மை. ஹெட் எடுக்காம விட்ட ஒலியை எந்தச் சாஃப்ட்வேரும் திருப்பித் தராது.

இசிஇ பசங்களுக்கு ரெண்டு வேலை. ஒண்ணு, ஈக்வலைசேஷன் சுவிட்ச்: 19 செ.மீ. வேகத்தில் அமெரிக்க நேப் முறைக்கு 50 மைக்ரோசெகண்ட், ஐரோப்பிய ஐஇசி முறைக்கு 70. இன்னொண்ணு ரொம்ப முக்கியம்: ரெக்கார்ட், எரேஸ் சர்க்யூட்டைத் துண்டிக்கிறது. தப்பான பட்டனை அழுத்தினாலும் தாத்தா குரல் அழியக் கூடாது.

பழைய பொருள்களைச் சேகரிக்கிறவங்க இதைக் கேட்டா கோபப்படுவாங்க. ‘ஒரிஜினலைத் தொடாதே’ம்பாங்க. பாதி நியாயம் இருக்கு. அதனால ஒரு விதி வெச்சுக்கலாம்: திரும்பப் பழையபடி ஆக்க முடியாத மாற்றம் எதையும் செய்யக் கூடாது. கழட்டின பாகத்தைப் பையில் போட்டு, மாத்தின சர்க்யூட்டை வரைஞ்சு, மூடிக்குள்ளேயே ஒட்டணும். ஆனா ஓடாத மெஷினை ஒரிஜினலாவே அலமாரியில் வைக்கிறது எனக்கு மரியாதையாத் தெரியல. அது ஒலிக்கிறதுக்காகச் செஞ்ச பொருள்.

ஏன் இப்பவே? ஆஸ்திரேலிய தேசிய திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015-லேயே எச்சரிச்சது: 2025-க்குள் டிஜிட்டலாக்காத டேப்புகளில் பெரும்பகுதி தொலைஞ்சு போகும்னு. டேப் கெட்டுப் போறது மட்டும் காரணம் இல்லை. மெஷினும் உதிரிபாகமும் தெரிஞ்ச கைகளும் மறையுது. நம்ம ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை வேற. மியூசிக் அகாடமி மாதிரி இடங்களில் டிஜிட்டல் ஆவணம் இருக்கு. ஆனா பிரபலம் ஆகாத ஒருத்தர் குரலைத் தேடி எந்த நிறுவனமும் உங்க பரணுக்கு வராது.

குன்றத்தூரில் இருந்து இதை எழுதறேன். காலையில் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ் வரிசையாப் போகும். நாளைக்கு நம்மில் பலரும் அதில் ஏறுவோம், அதில் தப்பே இல்லை. ஆனா அங்கே கத்துக்கப் போறது ஒரே பொருளை லட்சம் தடவை ஒரே மாதிரி செய்றதை. ஒரே ஒருத்தர்கிட்ட ‘உங்களுக்கு என்ன வேணும்?’னு கேட்டு, அதுக்கு ஏத்த மாதிரி அளந்து செய்றதை எந்த லைனும் சொல்லித் தராது. அதைக் கத்துக்க ஆள் இங்கேயே இருக்கு. பக்கத்துல திருமுடிவாக்கம் சிட்கோவில் லேத் ஓட்டுற அண்ணன்கள்கிட்ட கேளுங்க, 12 மி.மீ. புல்லி கடையறது அவங்களுக்குப் பெரிய வேலை இல்லை.

லீவுக்கு ஊருக்குப் போறப்போ பாட்டிகிட்ட ‘பரணில் ஸ்பூல் பெட்டி இருக்கா?’ன்னு கேளுங்க. இருந்தா உடனே ப்ளக்கைச் சொருகிடாதீங்க. கெப்பாசிட்டர் வெடிக்கலாம், பூஞ்சை பிடிச்ச டேப் கிழியலாம். பெட்டிமேல எழுதியிருக்கிற பேரையும் தேதியையும் போட்டோ எடுத்துட்டு வாங்க. முதல் ரிவியூவுக்கு அது போதும்.