மருத்துவப் பக்கம்: அழையாமல் வரும் உறக்கம்

ஜும்ஆ குத்பா தொடங்கியதுமே கண்ணயர்ந்து சாயும் இளைஞரைப் பார்த்திருப்பீர்கள். "இரவெல்லாம் ஊர் சுற்றியிருப்பான்" என்று முணுமுணுப்போம். உறங்குபவர் விழிக்கும் வரை அவர்மீது குற்றம் பதியப்படுவதில்லை என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்க, நாம் மட்டும் உடனே பதிந்துவிடுகிறோம்!

அப்படி உறங்குவோர் எல்லாரும் நோயாளிகள் அல்லர். ஆனால் இரவில் போதிய அளவு உறங்கியும் மாதக்கணக்கில் பகல் உறக்கத்தை வெல்ல இயலாதவருக்கும், வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் தளர்ந்து விழுபவருக்கும் நார்கோலெப்சி என்னும் நோய் இருக்கக்கூடும். 1880இல் பிரெஞ்சு மருத்துவர் ஜெலினோ இட்ட பெயர் அது. இது சோம்பலன்று, ஜின் தீண்டலுமன்று. சிரிப்பில் தளர்ந்து விழும் வகையினருக்கு, விழிப்பைக் காக்கும் ஒரெக்சினைச் சுரக்கின்ற மூளை உயிரணுக்கள் அழிந்திருப்பது 2000ஆம் ஆண்டில் புலனாயிற்று.

முத்துச் சலாபம் நடந்த நாட்களில், தோணியில் கயிறு பிடித்திருந்தவரின் விழிப்பில்தான் கடலுள் மூழ்கியவரின் உயிர் இருந்தது. இன்று தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் இயக்குபவரும், கண்டெய்னர் லாரி ஓட்டுபவரும் கண்ணயர்ந்தால் விளைவு என்னவாகும்?

மொடாஃபினில் போன்ற மாத்திரைகள் உறக்கத்தைத் தள்ளிப்போடுமே தவிர, ஒரெக்சின் குறையை ஈடுசெய்வதில்லை. அக்குறையையே தீர்க்க முனைந்தது ஜப்பானின் தகேதா நிறுவனம். அதன் மாத்திரை ஒன்று 73 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. மங்கிய ஒளியுள்ள அறையில் 40 நிமிடம் விழித்திருக்கச் சொல்லும் தேர்வில், மருந்து பெற்றவர்கள் முன்னைவிடச் சராசரியாக 20 நிமிடங்களுக்கு மேல் கூடுதலாக விழித்திருந்தனர். ஆயினும் சிலரது கல்லீரல் பாதிக்கப்படவே, 2021இல் சோதனை நிறுத்தப்பட்டது. பலன் கண்முன்னே தெரிந்தும் நிறுத்தினார்களே, அதுவே பாராட்டத்தக்கது.

அடுத்து வந்த ஒவெபொரெக்ஸ்டன் 112 பேரிடம் 8 வாரங்கள் சோதிக்கப்பட்டு, 2025 மே மாதம் முடிவு வெளியானது. விழிப்பு கூடியது, கல்லீரல் பாதிப்பு தென்படவில்லை. இரவில் உறக்கமின்மையும், அடிக்கடி சிறுநீர் முட்டுவதும் பலருக்கு நேர்ந்தன.

இத்தகைய சோதனைக்கு உங்கள் வீட்டாரை யாரேனும் அழைத்தால், தமக்கு வெற்று மாத்திரையும் கிடைக்கலாம் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். இந்தியாவின் 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, புரியும் மொழியில் விளக்கிய பின்னரே கையொப்பம் பெற வேண்டும், எந்நேரமும் விலகலாம், சோதனையால் தீங்கு நேர்ந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. வாப்பா சொன்னார் என்பதற்காக வளர்ந்த மகன் கையொப்பமிடுவது சம்மதமாகாது.

மொடாஃபினில் உட்கொள்ளும் சகோதரிகள் ஒன்றை அறிய வேண்டும்: கருத்தடை மாத்திரையின் வலிமையை அது குறைக்கும். காலையில் உண்ணும் அம்மருந்தை ரமளானில் ஸஹர் வேளைக்கு மாற்றலாமா என்பதை ஷஅபானிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.