கருணையும் கணக்கும்

நல்ல நோக்கத்துடன் தொடங்கப்பெற்ற ஸ்தாபனத்தைக் கணக்குக் கேட்பது தகாது என்னும் எண்ணம் நம்மவரிடையே பரவலாக உள்ளது. மளிகைக் கடையில் காலணாவுக்கும் வாதிடுபவர், கோசாலைக்குக் கொடுத்த பணம் என்னவாயிற்று என்று வினவுவதைப் பாவமாகக் கருதுகிறார். நம் கூட்டுறவுச் சங்கங்களிலும் இம்மனோபாவம் உண்டு. "காரியதரிசி நல்லவர், அவர் பார்த்துக்கொள்வார்" என்னும் ஒரே சொல்லில் எத்தனையோ மகாசபைகள் அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகின்றன. இதன் அபாயத்தை நம் துறைக்குப் புறம்பான ஓர் உதாரணத்தால் விளக்க விரும்புகிறோம். அங்கத்தினர் தேர்ந்தெடுக்கும் குழு, சம்பளத்துக்கு அமர்ந்த சிப்பந்திகள், பிறர் நம்பிக் கொடுத்த பணம் ஆகிய மூன்றும் அங்கும் உள்ளமையால், அது நமக்கும் பாடமாகும்.

இங்கிலாந்தின் பிராணிவதைத் தடுப்புச் சங்கம் 1824இல் லண்டனில் ஒரு காபிக் கடையில் கூடியவர்களால் நிறுவப்பட்டது. அடிமை வியாபாரத்தை எதிர்த்த வில்பர்போர்ஸ் அவர்களுள் ஒருவர். முதல் காரியதரிசியாக அமர்ந்தவர் ஆர்தர் புரூம் என்னும் பாதிரியார். ஸ்மித்ஃபீல்டு மாட்டுச் சந்தையில் நடக்கும் கொடுமைகளைக் கண்காணிக்க ஆட்கள் அமர்த்தப்பட்டனர். நோக்கம் உயர்ந்தது, ஆனால் செலவு வரவை மிஞ்சியது. சங்கத்தின் கடனுக்குப் பொறுப்பேற்றிருந்த புரூம், 1826இல் கடனாளிகளுக்குரிய சிறையில் அடைபட்டார். கருணை மிக்க ஒருவரைச் சிறைக்கு அனுப்பியது அவருடைய தீமை அன்று. வரவு செலவுக் கட்டுப்பாடு இல்லாமையே. பின்னர் சங்கம் தழைத்தது. 1840இல் விக்டோரியா ராணியார் 'ராயல்' என்னும் அடைமொழியை அளித்தார்.

பழம்பெருமை மேற்பார்வைக்கு ஈடாகாது என்பதை அண்மைக்கால நிகழ்ச்சிகள் காட்டின. 2014இல் அச்சங்கத்தின் தலைமை நிர்வாகி விலகினார். ஏறத்தாழ இரண்டாண்டுகள் அவ்விடத்தில் நிலையான ஒருவர் இல்லை. 2016இல் அமர்ந்தவரும் ஓராண்டளவிலேயே விலகினார். அடுத்துத் தற்காலிகமாகப் பொறுப்பேற்றவர் வெளியேறியபோது, அவருக்குச் சட்டப்படியும் ஒப்பந்தப்படியும் சேரவேண்டியதற்கு மேற்பட்ட தொகை கொடுக்கப்பட்டது. தர்ம ஸ்தாபனங்களைக் கண்காணிக்கும் அந்நாட்டு ஆணையம் இதுபற்றி 2018இல் அதிகாரபூர்வமான எச்சரிக்கை விடுத்தது. கண்டனத்துக்கு ஆளானவர்கள் தீர்மானம் செய்த ஆட்சிக் குழுவினர் என்பதை நாம் கருத்திற் கொள்ள வேண்டும். அப்பணம் தெருநாய்க்கும் நொண்டிக் குதிரைக்கும் என்று எளியவர் அளித்த காணிக்கை. 2019இல் அச்சங்கம் ஆட்சிக் குழுவின் அளவைச் சுருக்கிப் பதவிக்காலத்துக்கும் வரம்பு கட்டியது. தவற்றைத் திருத்த முனைந்ததை நாம் பாராட்டவேண்டும்.

விவசாயிகள் கவனிக்கவேண்டிய மற்றொன்றும் உண்டு. கால்நடைகளை முறையாக வளர்க்கும் பண்ணைகளுக்குத் தன் பெயரால் நற்சான்று முத்திரை வழங்கும் திட்டம் ஒன்றை அச்சங்கம் நடத்துகிறது. முத்திரை பெற்ற சில பண்ணைகளில் பிராணிகள் துன்புறுவதாக 2024இல் வெளியார் படம் பிடித்துக் காட்டினர். சங்கமே ஏற்பாடு செய்த மறுபரிசீலனை, திட்டம் செவ்வனே நடப்பதாகக் கூறியது. ஆயினும் அவ்வாண்டு முடிவதற்குள் சங்கத்தின் கௌரவத் தலைவரும், துணைத் தலைவர்களுள் சிலரும் விலகிவிட்டனர். யார் சொன்னது மெய் என்று தீர்ப்பளிப்பது நம் வேலை அன்று. சோதிப்பவரைச் சோதிப்பவர் யார் என்னும் கேள்விக்கு யாவரும் ஏற்கும் விடை முன்கூட்டியே இல்லாவிடில், முத்திரையின் மதிப்புக் குன்றிவிடும் என்பதையே சுட்டுகிறோம்.

இக்கேள்வி எம்மையும் சுடுகிறது. நாம் தணிக்கை செய்த நெசவாளர் சங்கம் ஒன்றில் காரியதரிசி உழைப்பாளி, இரக்கமுள்ளவர். கஷ்டம் என்று வந்த அங்கத்தினருக்கு முன்பு வாங்கிய நூலுக்குத் துணி வந்து சேரும் முன்னரே மேலும் நூல் கொடுத்தார். இருப்புப் புத்தகத்தில் அதைக் குறிக்கவில்லை. டைரக்டர்கள் கிடங்கைத் திறவாமலே இருப்புச் சரி என்று மாதந்தோறும் கையொப்பமிட்டனர். நாமும் ஒரு முறை, அவருடைய நற்பெயரை நம்பி, நூல் கட்டுகளை எண்ணாமல் புத்தகத்தை மட்டும் பார்த்துத் திரும்பினோம். அடுத்த முறை எண்ணியபோது குறைவு தெரிந்தது. நூல் வாங்கிய கடன் நிலுவையில் நின்றது, வரத்து நின்றது, தீபாவளிக்கு முந்திய ஆறு வாரங்கள் தறிகள் ஓசையற்றுக் கிடந்தன. ஒருவரும் திருடவில்லை. ஆயினும் கூலியை இழந்தவர்கள், கடன் நூல் ஒரு சிட்டமும் வாங்காத நெசவாளர்களே. எண்ணாமல் திரும்பிய அந்நாளை நாம் இன்றளவும் மறக்கவில்லை.

மேற்பார்வை என்பது யாது? டைரக்டர் தறிக்கூடத்தில் நுழைந்து மேஸ்திரியை அதட்டுவது மேற்பார்வை அன்று. அன்றாட வேலை சிப்பந்தியினுடையது. அவ்வேலை எவ்வாறு நடக்கவேண்டும் என்று எழுத்தில் விதித்து, நடந்ததா என்று குறித்த காலத்தில் பார்ப்பதே குழுவின் கடமை. இருப்பை எழுதுபவர் ஒருவராகவும், எண்ணுபவர் வேறொருவராகவும் இருத்தல் வேண்டும். சம்பள உயர்வு, விலகுவோருக்கான தொகை ஆகியவற்றைக் காகிதங்கள் யாவும் குழுவின் முன் வைத்த பின்னரே தீர்மானிக்க வேண்டும். எதிர்த்து வாக்களித்தவர் கூறிய காரணத்தையும் நடவடிக்கைக் குறிப்பில் எழுத வேண்டும். குறை கூறும் கீழ்நிலைச் சிப்பந்தி, தான் யாரைப்பற்றிக் குறை கூறுகிறாரோ அவரிடமே மனுக் கொடுக்கவேண்டிய நிலை கூடாது. நேரே குழுவை அணுக வழி வேண்டும்.

இத்தகைய சோதனை நல்லவரை அவமதிப்பதாகும் என்று சிலர் கூறுவர். நாம் உடன்படவில்லை. மாதந்தோறும் கிடங்கு எண்ணப்பட்டிருந்தால், அந்தக் காரியதரிசி முதல் மாதத்திலேயே தடுக்கப்பட்டிருப்பார், பெயரும் காப்பாற்றப்பட்டிருக்கும். கணக்கு நேர்மையாளனுக்குக் கவசம். அக்கவசம் இன்றியே புரூம் பாதிரியார் சிறை புகுந்தார்.

குழுவைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் அங்கத்தினர்களாகிய உங்களுடையது. அடுத்த மகாசபையில் அறிக்கை வாசித்து முடிந்ததும் ஒருவரேனும் எழுந்து, "கிடங்கைக் கடைசியாக எண்ணியவர் யார்? எந்தத் தேதியில்?" என்று கேளுங்கள். விடை உடனே வந்தால் உங்கள் சங்கம் நன்னிலையில் உள்ளது. வராவிடில், மகாசபை முடிந்த அன்றே கிடங்கைத் திறந்து எண்ணச் செய்யுங்கள்.