நிவாரணக் கணக்கு முடிந்த பிறகு

ஓர் இயற்கைப் பேரிடருக்குப் பிறகு அரசு எவ்வளவு விரைவாக நிவாரணத் தொகையை வழங்கியது என்பதே அதன் செயல்திறனுக்கான அளவுகோலாகக் கருதப்படுகிறது. எத்தனை குடும்பங்களுக்கு, எத்தனை கோடி ரூபாய், எத்தனை நாள்களுக்குள் வழங்கப்பட்டது என்ற விவரங்கள் சட்டப்பேரவையிலும் செய்திக் குறிப்புகளிலும் தவறாமல் இடம்பெறுகின்றன. அந்தத் தொகையைப் பெற்ற குடும்பம் ஓராண்டு கழித்து, மூன்றாண்டுகள் கழித்து எந்த நிலையில் இருக்கிறது என்ற விவரம் அவற்றில் இடம்பெறுவதில்லை. நிவாரணப் பணிகளைக் கண்காணிக்கும் நமது முறையில் உள்ள பெரும் குறை இதுதான்.

இந்தக் குறையைப் புரிந்துகொள்ள கடலூர் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் தமிழகத்தில் இல்லை. 2004-இல் ஆழிப்பேரலை, 2011-இல் தானே புயல், 2015-இல் பெருவெள்ளம், 2024-இல் ஃபென்ஜால் புயல் என இருபது ஆண்டுகளில் நான்கு பெரும் பேரிடர்களை அந்த மாவட்டம் சந்தித்துள்ளது. 2015 நவம்பர் மழையில் பண்ருட்டி வட்டத்தைச் சேர்ந்த பெரியகாட்டுப்பாளையம், விசூர் ஆகிய ஊர்களை வெள்ளம் சூறையாடியது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீரால் தென்பெண்ணையின் கரையோர ஊர்கள் மூழ்கின. ஒரு பேரிடரிலிருந்து முழுமையாக எழுவதற்குள் அடுத்த பேரிடர் வந்துவிடும் மாவட்டத்தில், நிவாரணம் மீட்சியாக மாறியதா என்ற கேள்வி கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி காலை புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், பண்ருட்டிப் பகுதியின் முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்தது. பொருளியல் நோக்கில் இந்த இழப்பு, நெற்பயிர் மூழ்குவதால் ஏற்படும் இழப்பிலிருந்து அடிப்படையில் வேறுபட்டது. நெல் அழிந்தால் ஒரு பருவத்தின் வருமானம் போகிறது. நிலம் இருக்கும்வரை அடுத்த பருவத்தில் மீண்டும் விதைக்கலாம். மரம் சாய்ந்தால் போவது பல ஆண்டுகளாகச் சேர்த்த மூலதனம். ஒட்டுக்கட்டிய முந்திரிக் கன்று காய்க்கத் தொடங்க மூன்று, நான்கு ஆண்டுகளாகும். முழுமையான மகசூலுக்கு அதைப்போல் இரு மடங்கு காலம் காத்திருக்க வேண்டும். பலாவுக்கு இன்னும் கூடுதல் காலம் தேவை. அந்த ஆண்டுகள் முழுவதும் விவசாயி செலவும் செய்ய வேண்டும், வருமானமின்றிக் காத்திருக்கவும் வேண்டும்.

நமது நிவாரண விதிகள் இந்த வேறுபாட்டை ஓரளவே அங்கீகரிக்கின்றன. மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய அரசு வகுத்த, 2022-23 முதல் 2025-26 வரையிலான விதிமுறைகளின்படி, 33 சதவீதத்துக்கு மேல் சேதமடைந்த பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு ரூ.17,000, பல்லாண்டுப் பயிருக்கு ரூ.22,500 இடுபொருள் மானியமாக வழங்கலாம். அதிகபட்சம் இரண்டு ஹெக்டேர்வரைதான். ஃபென்ஜால் புயலுக்குப் பிறகு தமிழக அரசு அறிவித்ததும் இதே விகிதங்களைத்தான். ஏழு மீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு ஹெக்டேரில் ஏறத்தாழ 200 முந்திரி மரங்கள் நிற்கும். அப்படியானால் ஒரு மரத்துக்குக் கிடைப்பது சுமார் ரூ.112. சாய்ந்த மரத்தை வெட்டி அகற்றும் கூலிக்கே அது போதாது.

இந்த விகிதம் மாற்ற முடியாத ஒன்றல்ல. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களின் தென்னந்தோப்புகளை அழித்தபோது, மரம் ஒன்றுக்கு ரூ.600, அதை வெட்டி அகற்ற ரூ.500 என ரூ.1,100 வழங்க மாநில அரசு முன்வந்தது. ஹெக்டேருக்கு 175 மரங்கள் என்ற கணக்கில் அது ரூ.1,92,500. விதிமுறைகள் வகுக்கும் தொகைக்கு மேல் தன் நிதியிலிருந்து வழங்க மாநில அரசால் முடியும் என்பதற்கு இது சான்று. ஆனால், தொகையை உயர்த்துவது மட்டுமே தீர்வாகிவிடாது. அது யாரிடம் சேர்கிறது, சேர்ந்த பிறகு என்ன ஆகிறது என்பதைக் கவனிக்கும் ஏற்பாடு இல்லையென்றால், உயர்த்தப்பட்ட தொகையும் ஒரு செலவுக் கணக்காகவே முடிந்துவிடும்.

கண்காணிப்பு இப்போது நடைபெறும் விதத்தைப் பார்ப்போம். கிராம நிர்வாக அலுவலரும் வேளாண்மை அல்லது தோட்டக்கலைத் துறை அலுவலரும் சேதத்தைக் கணக்கெடுக்கின்றனர். அந்தப் பட்டியல் வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர், மாவட்ட ஆட்சியர் வழியாக வருவாய் நிர்வாக ஆணையரகத்தை அடைகிறது. நிதி ஒதுக்கப்பட்டதும் பயனாளிகளின் வங்கிக் கணக்கில் தொகை வரவு வைக்கப்படுகிறது. பின்னர் தணிக்கையாளர்கள் பட்டியலும் பணமும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்கின்றனர். அத்துடன் கோப்பு மூடப்படுகிறது.

நலத்திட்டங்களில் இருவகைப் பிழைகள் நேரலாம் என்பது பொருளியலில் நன்கறிந்த செய்தி. தகுதியற்றவர் பயன்பெறுவது ஒன்று. தகுதியுள்ளவர் விடுபடுவது மற்றொன்று. நமது கண்காணிப்பு முறை முதல் பிழையைப் பிடிப்பதற்காகவே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. தகுதியற்ற ஒருவருக்குத் தொகை போய்விட்டால் தணிக்கை ஆட்சேபம் எழும். கையொப்பமிட்ட அலுவலர் பதில் சொல்ல வேண்டும். தகுதியுள்ள பத்துப் பேர் விடுபட்டால் எந்த ஆட்சேபமும் எழாது. ஆகவே, கூடுதல் ஆவணங்களைக் கேட்பதே அலுவலருக்குப் பாதுகாப்பான வழியாகிறது. இதில் தனிமனிதர்களைக் குறை சொல்வதற்கில்லை. விதிகள் தரும் தூண்டுதல் அத்தகையது.

இதனால் பெரிதும் பாதிக்கப்படுபவர்கள் குத்தகைதாரர்கள். பட்டா நில உரிமையாளரின் பெயரில் இருக்கும். உழுது பயிரிட்டுக் கடன் வாங்கி இழந்தவர் வேறொருவராக இருப்பார். குத்தகைதாரர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1969-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும், வாய்மொழியாகவே நடக்கும் குத்தகைகள் இன்றும் ஏராளம். முந்திரி, பலா ஆகியவற்றில் நிலத்தை விட்டு மரத்தின் விளைச்சலை மட்டும் ஒரு பருவத்துக்குக் குத்தகை எடுக்கும் வழக்கமும் உண்டு. அப்படி முன்பணம் கொடுத்தவரின் இழப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

முந்திரிக்கொட்டையை உடைத்துத் தோலுரிக்கும் பெண்களின் நிலை இன்னும் மோசம். பண்ருட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் பல குடும்பங்களின் அன்றாட வருமானம் இந்த வேலையைச் சார்ந்தது. தோப்பு சாய்ந்தாலும், உடைக்கும் கூடத்தில் வெள்ளம் புகுந்தாலும் அவர்களது கூலி நின்றுபோகிறது. நிலமும் இல்லை, மரமும் இல்லை என்பதால் பயிர்ச்சேதக் கணக்கில் அவர்களுக்கு இடமில்லை. இத்தனைக்கும், வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பத்தில் பெரியவர்கள் இருவருக்கு நூறு நாள் வேலைத் திட்டத்தின் ஊதிய விகிதத்தில் உதவித்தொகை வழங்க மேற்கண்ட விதிமுறைகளிலேயே வழி இருக்கிறது. விதியில் இருக்கும் வழி கணக்கெடுப்புப் படிவத்துக்கு வந்து சேர வேண்டும்.

நிதி இல்லை என்ற பதிலும் முழுமையாகப் பொருந்தாது. 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்குப் பரிந்துரைத்த மாநிலப் பேரிடர் நிதியில் 40 சதவீதம் மீட்பு மற்றும் உடனடி நிவாரணத்துக்கும், 30 சதவீதம் மறுசீரமைப்புக்கும், 10 சதவீதம் முன்தயாரிப்புக்கும், 20 சதவீதம் பாதிப்பைத் தணிக்கும் பணிகளுக்கும் எனப் பிரிக்கப்பட்டது. நிவாரணம் வேறு, மறுசீரமைப்பு வேறு என்பதை நிதிப் பகிர்வின் நிலையிலேயே ஏற்றுக்கொண்ட முக்கியமான மாற்றம் இது. நிதியில் ஏற்பட்ட இந்தப் பிரிவினை நிர்வாகத்திலும் ஏற்பட வேண்டும். உடனடி நிவாரணத்தைக் கண்காணிக்க ஒரு முறையும், நீண்டகால மீட்சியைக் கண்காணிக்க வேறொரு முறையும் தேவை.

இதற்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. 2001 ஜனவரியில் பூஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு குஜராத் அரசு ஒரு தனி பேரிடர் மேலாண்மை ஆணையத்தை உருவாக்கியது. வீடிழந்தவர்களே தங்கள் வீட்டைக் கட்டிக்கொள்ள உதவித்தொகை தவணைகளாக வழங்கப்பட்டது. கட்டுமானம் ஒவ்வொரு கட்டத்தை எட்டியதும் பொறியாளர் நேரில் பார்த்துச் சான்றளித்த பின் அடுத்த தவணை விடுவிக்கப்பட்டது. அங்கே கண்காணிப்பு என்பது பணம் போனதா என்று பார்ப்பதோடு நிற்காமல், வீடு எழுந்ததா என்று பார்ப்பதாகவும் இருந்தது.

அதே அணுகுமுறையை மரப்பயிர்களுக்கும் கொண்டுவரலாம். முதல் தவணையை மரம் அகற்றுவதற்கும் நிலத்தைச் சீர்படுத்துவதற்கும் உடனே வழங்கலாம். கன்று நட்டதும் இரண்டாவது தவணையும், கன்றுகள் பிழைத்து நிற்பதைப் பார்த்து மூன்றாவது தவணையும் வழங்கலாம். விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் முந்திரி ரகங்களையும், பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் பலா ரகங்களையும் வெளியிட்டுள்ளன. கன்று கிடைப்பது முதல் ஊடுபயிர் ஆலோசனை வரை அவற்றை இந்தத் திட்டத்தில் இணைக்க முடியும். கன்று பட்டுப்போனால் தவணையை நிறுத்திவிடாமல், மறுநடவுக்கு உதவுவதாக விதி அமைய வேண்டும்.

விடுபடுதலைத் தடுக்கும் பொறுப்பைக் கிராம சபையிடம் ஒப்படைக்கலாம். பயனாளிகள் பட்டியலுடன், நிராகரிக்கப்பட்டவர்களின் பட்டியலும் காரணத்துடன் அங்கே படிக்கப்பட வேண்டும். யார் குத்தகைக்குப் பயிரிட்டார், யார் எந்தக் கூடத்தில் வேலை செய்தார் என்பது ஊருக்குத் தெரியும். 2005-ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு கிராம சபைக்கு சமூகத் தணிக்கை நடத்தும் பொறுப்பைத் தந்திருந்தது. 2017-இல் மேகாலயம் சமூகத் தணிக்கைக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. பேரிடர் நிவாரணத்துக்கும் அதை விரிவுபடுத்துவதில் சட்டத் தடை ஏதுமில்லை. கிராம சபையிலும் செல்வாக்குள்ளவர்களின் குரலே ஓங்கும் என்ற அச்சம் நியாயமானது. அதனால்தான் கோட்டாட்சியர் நிலையில் குறித்த காலத்துக்குள் முடிவெடுக்கும் மேல்முறையீடும் உடன் இருக்க வேண்டும்.

கண்காணிப்பைக் கூட்டினால் தாமதமும் கூடும் என்று அதிகாரிகள் கூறுவதை அலட்சியப்படுத்த முடியாது. ஏற்கெனவே பல பணிகளைச் சுமக்கும் கிராம நிர்வாக அலுவலரின் தோளில் இன்னொரு பதிவேட்டை ஏற்றுவதும் தீர்வாகாது. முதல் உதவி வேகமாகவும் தாராளமாகவும் இருக்கட்டும். அந்தக் கட்டத்தில் சில தகுதியற்றவர்கள் பயன்பெற்றால் அரசுக்கு ஏற்படும் இழப்பு, பசியுடன் ஒரு குடும்பம் விடுபடுவதால் ஏற்படும் இழப்பைவிடச் சிறியது. அதன் பிறகு வரும் மறுசீரமைப்புக் கட்டத்துக்கே விரிவான கண்காணிப்பு தேவை. ஓராண்டு முடிவிலும் மூன்றாண்டு முடிவிலும் மாதிரிக் குடும்பங்களைச் சந்தித்து அறிக்கை தயாரிக்கும் பணியை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போன்ற உயர்கல்வி நிறுவனங்களிடம் ஒப்படைக்கலாம். அந்த அறிக்கை சட்டப்பேரவையில் வைக்கப்பட வேண்டும்.

அறிக்கை கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. குடும்பத்தின் வருமானம் பழைய நிலையை எட்டியதா? நிவாரணத் தொகை வட்டிக்கடனுக்குப் போனதா? பிள்ளைகளின் படிப்பு தடைபட்டதா? நிலமோ மாடோ விற்கப்பட்டதா? இவற்றுக்கான விடைகளே அடுத்த பேரிடருக்கு எவ்வளவு தொகையை, எந்த வடிவில், யாருக்கு வழங்க வேண்டும் என்பதைச் சொல்லும்.

ஃபென்ஜால் வெள்ளம் வடிந்த பிறகு நடப்பட்ட ஒரு முந்திரிக் கன்று 2028-ஆம் ஆண்டு வாக்கில்தான் காய்க்கத் தொடங்கும். அந்தப் புயலுக்கான நிவாரணக் கோப்புகளோ முதல் காய்ப்புக்கு வெகுகாலம் முன்பே மூடப்பட்டுவிடும். அந்த முதல் காய்ப்பு வரை கோப்பைத் திறந்து வைத்திருப்பதே பண்ருட்டி விவசாயிக்கு அரசு செய்யக்கூடிய உண்மையான உதவி.