பூட்டிய குளங்களுக்குப் பதில் சொல்லுங்கள்

பொதுமக்கள் பணத்தில் கட்டிய நீச்சல் குளத்தைப் பூட்டுவது, வேலிக்குள் பாழாக விடுவது, பிறகு ‘பழுதாகிவிட்டது, இடித்தே ஆகவேண்டும்’ என்று கைவிரிப்பது. இதற்கு நிர்வாகம் என்று பெயர் வைக்க முடியாது. வன்மையாகக் கண்டிக்கிறோம்.

சிங்கப்பூரின் முதல் பொது நீச்சல் குளம் மவுண்ட் எமிலியில் 1931இல் திறக்கப்பட்டது. பழைய குடிநீர்த் தேக்கத்தையே குளமாக மாற்றியிருந்தார்கள். சிராங்கூன் சாலைத் தமிழர்களுக்கு அது நடைதூரம். வெள்ளைக்காரர் கிளப்புகளின் வாசலைக்கூட மிதிக்க முடியாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் அங்கே இடமிருந்தது. 1981இல் மூடினார்கள், இடித்தார்கள். தஞ்சோங் பகார் அருகிலிருந்த யான் கிட் குளத்தின் கதை இன்னும் கொடியது. வருகை குறைந்தது, பராமரிப்புச் செலவு கூடியது என்று 2001இல் மூடினார்கள். பத்தாண்டுக்கு மேல் சும்மா போட்டுவைத்து, 2012இல் தரைமட்டமாக்கினார்கள். கவனிக்க ஆளில்லாமல் விட்டால் எந்தக் கட்டடம்தான் பழுதாகாது?

1991 வறட்சியில் மலாக்காவின் டுரியான் துங்கால் அணைக்கட்டு வற்றியதைக் கண்டவர்கள் நாம். அது மழை பொய்த்ததால் வந்தது. இந்தக் குளங்கள் வற்றியது கோப்பில் போட்ட ஒரு கையெழுத்தால்.

கைவிட்ட குளங்களுக்குள் வேலி தாண்டிப் போகும் இளைஞர்களை மட்டும் குற்றவாளியாக்குவது எளிது. வழுக்கும் தரை, உளுத்த கூரை, மழைநீர் தேங்கிய ஆழம்: ஆபத்துதான், போகக்கூடாது. ஆனால் முறையாக உள்ளே போய்ப் பார்க்க வழி வைக்காதவர்களுக்குப் பொறுப்பில்லையா? மான்செஸ்டரின் விக்டோரியா குளியல் மாளிகை 1906இல் திறந்து 1993இல் மூடப்பட்டது. ஊர்மக்கள் விடவில்லை. போராடினார்கள், நிதி திரட்டினார்கள், இன்று பார்வையாளர்களை உள்ளே அழைத்துச் சுற்றிக் காட்டுகிறார்கள். முதல் வகுப்பு ஆண்கள் குளித்த நீரை இரண்டாம் வகுப்பு ஆண்களுக்கும், கடைசியில் பெண்களுக்கும் விட்ட இடம் அது. சுவர் நின்றதால்தான் அந்த அநீதியையும் நேரில் காட்ட முடிகிறது.

நம் தோட்டத்துப் பிள்ளைகள் நீச்சல் பழகியது ஆற்றிலும் குட்டையிலும்தான். 2021இல் மட்டும் உலகில் சுமார் 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. பொதுக் குளம் ஏழைப் பிள்ளையின் உயிர்க்காப்பு. அதை வரவு செலவுக் கணக்கில் நட்டம் என்று எழுதுகிறவர்கள் வெட்கப்பட வேண்டும்.

மலாக்கா நகரம் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டமும் கையிலிருக்கிறது. கோட்டையும் தேவாலயமும் மட்டும்தான் மரபா? ஹங் துவா ஜெயா, அலோர் காஜா நகராண்மைக் கழகங்களும் மாநில அரசும் தங்கள் எல்லையிலுள்ள பழைய பொதுக் குளங்கள், குளியல் இடங்கள் அனைத்தின் பட்டியலையும் மக்கள் முன் வைக்க வேண்டும். எதையாவது மூடினால் காரணத்தையும் திறக்கும் தேதியையும் வாசலில் எழுதி ஒட்ட வேண்டும். பொது விசாரணை நடத்தாமல் ஒரு செங்கல்லையும் பெயர்க்கக் கூடாது. அடுத்த மன்றக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள்.