கோப்பை தந்த ஊர், வேலையும் தரட்டும்

பீளமேடு பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் உள்ளரங்கில் பி.எஸ்.ஜி. கோப்பை, மாவட்டக் கூடைப்பந்துக் கழகம் நடத்தும் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை. அரை நூற்றாண்டைத் தாண்டிய இந்த இரண்டு அகில இந்தியப் போட்டிகளும்தான் கோவையைக் கூடைப்பந்து ஊராக நிலைநிறுத்தின. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, கேரள மின்வாரியம், ராணுவம், கடற்படை என்று பெரிய அணிகள் இங்கே வந்து ஆடியிருக்கின்றன. உள்ளூர்க் கல்லூரிப் பையன்கள் ஆட்டத்தைக் கற்றதில் பாதி, கேலரியில் உட்கார்ந்து இவர்களைப் பார்த்துத்தான்.

1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் தொடங்கிய ஆட்டம் இது. 1920இல் ஹாரி பக் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி போன்றவற்றில் பயிற்சி பெற்றவர்கள் இதைத் தமிழ்நாட்டின் பள்ளி, கல்லூரிகளுக்குக் கொண்டுபோனார்கள். கொங்கு மண்ணில் அது ஊன்றிக்கொண்டதற்கு இந்தப் பகுதிக்கே உரிய காரணம் உண்டு. பைக்காரா மின்சாரம் 1930களில் வந்த பிறகு பஞ்சாலைகள் பெருகின. ஆலை வைத்த குடும்பங்கள் கல்லூரியும் கட்டின. பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் சொத்தை ஐந்தாகப் பிரித்து, ஐந்தாம் பங்கை அறத்துக்கு ஒதுக்கியது 1926இல். அந்த அறக்கட்டளையின் கலைக் கல்லூரி 1947இலும், தொழில்நுட்பக் கல்லூரி 1951இலும் வந்தன. கூடைப்பந்துக்குப் பெரிய மைதானம் வேண்டாம், ஒரு தளமும் இரண்டு ரிங்கும் போதும். கல்லூரி வளாகத்துக்குள் வளரத் தோதான ஆட்டம்.

கல்லூரி அணியின் ஒரு பருவத்தைக் கிட்டத்தில் பார்த்தால் அதன் கடினம் தெரியும். கலைக் கல்லூரியில் மூன்று ஆண்டு, பொறியியலில் நான்கு ஆண்டு. அதற்குமேல் எந்தப் பையனும் தங்குவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் தேர்ந்த மூத்தவர்கள் வெளியேற, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வந்த புதியவர்களை வைத்து பி.டி. சார் அணியை முதலிலிருந்து கட்ட வேண்டும். மண்டலப் போட்டி, மண்டலங்களுக்கு இடையிலான போட்டி, பிறகு பல்கலைக்கழக அணித் தேர்வு. நடுவே செமஸ்டர், லேப், வருகைப் பதிவு. ஒரு காலத்தில் இந்தக் கல்லூரிகள் எல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 1982இல் பாரதியார் பல்கலைக்கழகம் வந்தது. 2001க்குப் பின் பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தன. அதனால், மாலையில் ஒரே கோர்ட்டில் பந்து போடும் இரண்டு நண்பர்கள் தென்மண்டலப் போட்டியில் எதிரெதிரே நிற்க நேரலாம். எனக்கு இதில் வருத்தமில்லை. போட்டி கூடக்கூட ஆட்டம் மெருகேறும்.

ஆட்டமும் சும்மா இருக்கவில்லை. மூன்று புள்ளிக் கோடு சர்வதேச விதியில் 1984இல் வந்தது, 2010இல் அது 6.75 மீட்டருக்குத் தள்ளிப்போனது. 2000இல் 24 விநாடிக் கணக்கும், பத்து நிமிடக் கால்பகுதிகள் நான்கும் வந்தன. உயரமான ஒருவனை ரிங்குக்கு அடியில் நிறுத்தி ஆடிய காலம் போய், ஓடவும் தூரத்திலிருந்து எறியவும் தெரிந்த ஐந்து பேர் தேவைப்படுகிறார்கள். அதற்கான உழைப்பு பல மடங்கு.

அந்த உழைப்பு எங்கே போய்ச் சேர்கிறது என்பதுதான் என் கவலை. பட்டம் வாங்கிய கையோடு நல்ல ஆட்டக்காரன் சென்னைக்கு ரயில் ஏறுகிறான். வங்கி, தெற்கு ரயில்வே, பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை: சம்பளத்தோடு ஆடும் வாய்ப்பு பெரும்பாலும் அங்கேதான். மாநில அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு, ஆனால் அது எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து. மற்றவர்கள் ஐ.டி. கம்பெனியிலோ அப்பாவின் லேத் பட்டறையிலோ சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்களாகிவிடுகிறார்கள்.

பம்பு செய்யும் சி.ஆர்.ஐ. நிறுவனத்தின் பெயரில் பெண்களுக்கான அகில இந்தியக் கோப்பையும் இந்த ஊரில் உண்டு. விளையாட்டுக்குப் பணம் கொடுக்கக் கொங்குத் தொழிலதிபர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் கேட்பது அடுத்த படி. ஆண்டுக்கு ஒரு வாரம் நடக்கும் போட்டிக்குச் செலவிடும் அக்கறையோடு, பத்துப் பன்னிரண்டு பேருக்கு அரை நாள் வேலையும் அரை நாள் பயிற்சியும் கொடுக்கும் ஓர் அணியை நான்கைந்து ஆலைகளும் பம்பு நிறுவனங்களும் சேர்ந்து நடத்தலாம். கல்லூரிகள் இரவு எட்டு மணிவரை அந்த அணிக்குக் கோர்ட்டைத் திறந்துவிடலாம். இப்போது முதலாமாண்டில் சேர்ந்திருக்கும் பையன் இறுதியாண்டுப் பருவத்தை முடிப்பதற்குள் அது தொடங்கிவிட வேண்டும்.