சோம்பல் அன்று

வெள்ளாங்குளத்தில் நாம் கண்ட சிறுவன் ஒருவன் நெல் மூடைக் கணக்கை மனத்திலேயே கூட்டிச் சொல்லுகிறான். புத்தகத்திலோ ‘கடல்’ என்பதைக் ‘கடன்’ என்று வாசிக்கிறான். சோம்பல் என்றார் தகப்பனார்.

1896இல் பிரிங்கிள் மோர்கன் என்னும் ஆங்கில மருத்துவர் இத்தகைய 14 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். பாடமெல்லாம் வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலே அவனே கெட்டிக்காரன் என்றாராம் அவனுடைய ஆசிரியர்.

இதனை ‘டிஸ்லெக்சியா’ என்பர். அறிவிற் குறைவில்லை, எழுத்தை ஒலியோடு இணைப்பதிலேயே இடர்ப்பாடு என்பது பிற்கால ஆராய்ச்சி. பிரம்பு இதனைத் தீர்க்காது. (ஒரு காலத்தில் நாமும் பிரம்பெடுத்தவரே!) ஒவ்வோர் ஒலியாகச் சொல்லி, எழுத்தோடு பொருத்திப் பொறுமையாகப் பழக்கினால் வாசிப்புத் தேறும். குடும்பவழியாகவும் இது வருவதுண்டு என்றோம்.

தகப்பனார் தலை குனிந்தார். “நானும் இப்பிடித்தான், ஐயா. அடிக்குப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்டனான்.”